12 நாளில் 5.4 செ.மீ.: ஒரு பிக்சலுக்குள் நடக்கும் நகர்வை சாட்டிலைட் எப்படிப் பிடிக்கிறது?

2023 ஜனவரி. உத்தராகண்டின் ஜோஷிமத் நகரில் வீட்டுச் சுவர்கள் பிளந்துகொண்டிருந்தன. 860-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். மக்கள் வீடுகளைக் காலி செய்துவிட்டு முகாம்களில் தங்கியிருந்த நேரத்தில், இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் ஒரு முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. 2022 டிசம்பர் 27-ல் இருந்து ஜனவரி 8 வரையிலான 12 நாட்களில் ஊரின் மையப்பகுதி 5.4 செ.மீ. தாழ்ந்துவிட்டது என்றது அது. அதற்கு முன்பு, ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை சுமார் 9 செ.மீ.

5.4 செ.மீ. என்பது கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டியின் நீளம். இதைச் சொன்ன சாட்டிலைட் பறப்பதோ பல நூறு கி.மீ. உயரத்தில். அறிவியல் பணிக்காக இலவசமாகக் கிடைக்கும் சாட்டிலைட் படங்களில் ஒரு பிக்சலே தரையில் பல மீட்டர் அகலம் இருக்கும். ஒரு வீடு மொத்தமும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அப்படியிருக்க, தீப்பெட்டி நீளத்துக்கு நிலம் இறங்கியதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில் கேமராவின் தரத்தில் மட்டும் இல்லை. முன்பு எடுத்த படத்தையும் பின்பு எடுத்த படத்தையும் ஒரு பிக்சலில் சிறு பின்னம் அளவுக்குக்கூடப் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் சாஃப்ட்வேரில் இருக்கிறது. இதற்கு 'சப்-பிக்சல் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று பெயர்.

உதடு ஒரு பக்கம், லிப்ஸ்டிக் ஒரு பக்கம்

பழைய ஞாயிறு இணைப்பிதழ்களில் நடிகையின் படம் பார்த்திருப்பீர்கள். உதட்டுச் சிவப்பு மட்டும் உதட்டைவிட்டுக் கொஞ்சம் விலகி, தாடையில் அச்சாகியிருக்கும். நான்கு வண்ணங்களை நான்கு முறை தனித்தனியாக அச்சடிக்கும்போது ஒன்று லேசாக நகர்ந்தாலும் இதுதான் நடக்கும். அச்சகத்தில் இதை 'ரெஜிஸ்டர் அவுட்' என்பார்கள். சாட்டிலைட் படங்களிலும் பிரச்சினை அதேதான், பெயரும் அதேதான்.

ஒரே இடத்தை ஒரே சாட்டிலைட் 12 நாள் இடைவெளியில் படம் எடுத்தாலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. பாதை சில நூறு மீட்டர் விலகியிருக்கும். சாய்வு ஒரு டிகிரியில் மிகச் சிறிய பங்கு மாறியிருக்கும். இந்த விலகலைச் சரிசெய்யாமல் ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால், ஒவ்வொரு சாலையும் ஒவ்வொரு ஏரிக்கரையும் 'மாறிவிட்டது' என்று காட்டும். ஒன்றுமே மாறியிருக்காது!

எவ்வளவு துல்லியம் தேவை? லேண்ட்சாட் படங்களை வைத்து 1998-ல் வெளியான டாய், கொர்ராம் ஆகியோரின் ஆய்வு இதைக் கணக்குப் போட்டது. மாற்றத்தைக் கண்டறிவதில் பிழை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமானால், பொருத்தம் ஒரு பிக்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிசகோடு இருக்க வேண்டும் என்று சொன்னது.

சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நினைவிருக்கும். 2019-ல் அது விழுந்த இடத்தைத் தேட உதவிய சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் முதலில் கண்டுபிடித்தது, நாசா படத்தில் இருந்த ஒரே ஒரு வெளிச்சமான பிக்சலைத்தான். பழைய படங்களில் அந்த இடத்தில் அது இல்லை. ஒற்றைப் பிக்சலை நம்பி முடிவெடுக்கும் இடத்தில் படம் ஒரு பிக்சல் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிக்சலைவிடச் சின்னதை எப்படி அளப்பது?

பிக்சல்தான் படத்தின் மிகச் சிறிய அலகு. அதைவிடச் சின்ன நகர்வு படத்தில் பதிவே ஆகாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பதிவாகிறது, வேறு வடிவத்தில்.

ஒரு வெள்ளை மாடியின் விளிம்பு ஒரு பிக்சலின் நடுவே ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பிக்சலின் பாதி வெள்ளை, பாதி இருட்டு. கேமரா இரண்டையும் கலந்து ஒரு சாம்பல் நிறத்தைப் பதிவு செய்யும். மாடி கொஞ்சம் நகர்ந்து பிக்சலின் முக்கால் பங்கை வெள்ளை நிரப்பினால், அந்தச் சாம்பல் வெளிறும். ஆக, இட நகர்வு நிற மாற்றமாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு பிக்சலை மட்டும் நம்ப முடியாது. வெயில் கூடியிருக்கலாம், சென்சாரின் இரைச்சலாக இருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான பிக்சல்கள் சேர்ந்து ஒரே திசையில் ஒரே அளவு நகர்வைச் சொன்னால்? அதை நம்பலாம்.

சாஃப்ட்வேர் செய்வது இந்த வாக்கெடுப்பைத்தான். இரண்டாவது படத்தை முதல் படத்தின் மேல் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடும். உதாரணத்துக்கு, நகர்த்தாமல் வைத்தால் 95, வலப்பக்கம் ஒரு பிக்சல் தள்ளினால் 90, இடப்பக்கம் ஒரு பிக்சல் தள்ளினால் 80 என்று வருகிறது. உச்சம் 95-தான். ஆனால் வலப்பக்க மதிப்பெண் இடப்பக்கத்தைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். உண்மையான உச்சம் நடுவில் இல்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மூன்று புள்ளிகள் வழியாக ஒரு வளைகோடு போட்டால், ப்ளஸ் டூ கணக்கு போதும், உச்சம் 0.25 பிக்சலில் விழும். ஒரு பிக்சல் 10 மீட்டர் என்றால் நகர்வு 2.5 மீட்டர். அவ்வளவுதான் மேட்டர்.

இன்னொரு வழியும் உண்டு. படத்தை அலைகளின் தொகுப்பாகப் பிரித்துவிட்டால், படம் நகர்ந்த அளவுக்கு ஒவ்வொரு அலையின் கட்டமும் மாறியிருக்கும். அந்த மாற்றத்திலிருந்து நகர்வைக் கணக்கிடலாம். குக்லின், ஹைன்ஸ் இருவரும் 1975-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். பிக்சலில் நூறில் ஒரு பங்கு வரை இதை வேகமாகக் கணக்கிடும் முறை 2008-ல் வந்தது. இன்று பைதான் தெரிந்த யாரும் இலவச 'சை-கிட் இமேஜ்' தொகுப்பில் ஒரே வரியில் அதை ஓட்டலாம். ஆனால் 'நூறில் ஒன்று' என்பது சாஃப்ட்வேர் எவ்வளவு நுணுக்கமாகத் தேடுகிறது என்பதற்கான அளவு. விடை அவ்வளவு துல்லியம் என்று அர்த்தம் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

உங்கள் கையில் இருக்கும் போனும் இதைச் செய்கிறது. 2018-ல் வந்த கூகுள் பிக்சல் 3, ஜூம் செய்யும்போது அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தால் வந்த சப்-பிக்சல் விலகல்களைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் கோத்து ஒரு கூர்மையான படமாகத் தந்தது. கை நடுங்குவதே அங்கே பிளஸ்!

பூகம்பத்தையே அழித்துவிடும் ஆபத்து

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 7.8, 7.5 என இரண்டு பெரிய நிலநடுக்கங்கள், ஒன்பது மணி நேர இடைவெளியில். துருக்கியில் மட்டும் 53,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். நிலம் 300 கி.மீ.-க்கும் மேல் கிழிந்தது. அந்தப் பிளவின் இரு பக்கமும் எவ்வளவு நகர்ந்தன என்பதைச் சில நாட்களிலேயே சாட்டிலைட் படங்களிலிருந்து ஆய்வாளர்கள் வரைபடமாக்கினார்கள். நகர்வு பல இடங்களில் 3 மீட்டருக்கு மேல், சில இடங்களில் 7 மீட்டருக்கும் மேல். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டர். அதாவது நவீன துருக்கியின் மிகக் கொடூரமான நிலநடுக்கம், அந்தப் படத்தில் ஒரு பிக்சலைக்கூட முழுதாகத் தாண்டவில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். இரண்டு படங்களும் எல்லா இடத்திலும் கச்சிதமாகப் பொருந்தும் வரை சாஃப்ட்வேர் இழுத்து வளைத்தால், பூகம்பம் ஏற்படுத்திய நகர்வும் சேர்ந்து 'சரிசெய்யப்பட்டு' காணாமல் போய்விடும். அதனால் சாட்டிலைட்டின் சாய்வு, மலைகளின் உயரம் இவற்றால் வரும் விலகலை மட்டும் தனியாகக் கணித்து நீக்க வேண்டும். அசையாத நிலத்தை ஆணியாக அடித்துக்கொண்டு, மிச்சம் இருக்கும் விலகலை அளக்க வேண்டும். கால்டெக் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட 'கோசி-கார்' என்ற சாஃப்ட்வேர் இந்தத் துறையில் பேர் வாங்கியது இதனால்தான்.

எதை அசையாததாக எடுத்தோம் என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. 'நிலம் இவ்வளவு நகர்ந்தது' என்று எந்த வரைபடம் வந்தாலும், எதோடு ஒப்பிட்டு என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வரைபடம் வெறும் கலர் படம்தான்.

ஏமாற்றும் விஷயங்கள் வேறும் இருக்கின்றன. காலை வெயிலின் கோணம் மாறினால் மலையின் நிழல் நகரும், சாஃப்ட்வேர் மலையே நகர்ந்ததாக நினைக்கும். அறுவடைக்குப் பிறகு வயல் அடையாளமே தெரியாது. லேண்ட்சாட் 8 படத்துக்கும் சென்டினல்-2 படத்துக்கும் இடையே ஆரம்ப காலத்தில் சில இடங்களில் 38 மீட்டர் வரை விலகல் இருந்தது. பிறகு அமெரிக்கத் தரப்பு தன் பழைய படங்களை எல்லாம் ஐரோப்பாவின் அடிப்படைப் படத்தோடு பொருத்தி, 2020 இறுதியில் மறுபடி வெளியிட்டது. சோஷியல் மீடியாவில் 'முன்பு – பின்பு' ஸ்லைடர் போட்டு, ஆறு கரையைத் தின்றுவிட்டது என்று பகிரப்படும் படங்களில் எத்தனை இந்த மாதிரி விலகலோ!

ஜோஷிமத்துக்கு வருவோம்

மீட்டர் கணக்கு சரி, சென்டிமீட்டர் எப்படி? அதற்கு ரேடார் வேண்டும். சென்டினல்-1 போன்ற ரேடார் சாட்டிலைட் அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. அலை போய்த் திரும்ப வேண்டும் என்பதால், நிலம் சாட்டிலைட்டின் பார்வைக்கோட்டில் 2.8 செ.மீ. நகர்ந்தாலே திரும்பி வரும் அலையின் கட்டம் ஒரு முழுச் சுற்று மாறிவிடும். இரண்டு தேதிகளின் கட்டங்களைக் கழித்தால் நகர்வு கிடைக்கும்.

ஆனால் கழிப்பதற்கு முன் அதே பொருத்தும் வேலை, இன்னும் கடுமையாக. சாதாரண ரேடார் படங்களுக்கு பிக்சலில் பத்தில் ஒரு பங்கு துல்லியம் கிட்டத்தட்டப் போதும். சென்டினல்-1 தன் ரேடார் கற்றையைப் பறக்கும் திசையில் முன்னும் பின்னும் வீசிப் படமெடுப்பதால், அந்தத் திசையில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேவை. பிக்சல் அங்கே சுமார் 14 மீட்டர். ஆக, படத்தை 1.4 செ.மீ. துல்லியத்தில் உட்கார வைக்க வேண்டும். தவறினால், இல்லாத சரிவு இருப்பதாகக் காட்டும்.

இன்னொன்று. ரேடார் நேர்கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. ஜோஷிமத் இருப்பதோ மலைச்சரிவில். அங்கே நிலம் கீழே இறங்கியதா, சரிவில் வழுக்கிப் போனதா என்பதை ஒரே கோணத்துப் படங்களை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். வெறும் இறக்கம் என்றால் ஒரு தீர்வு, சரிவே நகர்கிறது என்றால் ஊரையே காலி செய்ய வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் பொதுவெளியில் விவாதித்திருக்கலாம். நடந்தது வேறு. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் ஜனவரி 13 அன்று, நிபுணர் குழுவின் இறுதி அறிக்கை வரும் வரை ஊடகங்களிடம் பேச வேண்டாம், சமூக ஊடகங்களில் தகவல் பகிர வேண்டாம் என்று ஆய்வு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. இஸ்ரோ அறிக்கை இணையதளத்திலிருந்து மறைந்தது. நிறுவனங்களின் அறிக்கைகள் பொதுவெளிக்கு வந்தது, உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பிய பிறகு, 2023 செப்டம்பரில். முதற்கட்டக் கணக்குகள் பீதியைக் கிளப்பும் என்ற கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சுவர் பிளந்த வீட்டில் இருப்பவர் எட்டு மாதம் காத்திருக்க வேண்டியதற்கு அது போதிய காரணம் அல்ல.

அதே சமோலி மாவட்டத்தில் 2021 பிப்ரவரி 7 அன்று பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து வெள்ளமாகப் பாய்ந்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஆய்வாளர்கள் பிறகு பழைய சாட்டிலைட் படங்களை எடுத்துப் பொருத்திப் பார்த்தபோது, அந்தப் பாறைத்திட்டு பல ஆண்டுகளாகவே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. படங்கள் சர்வரில்தான் இருந்தன. இமயமலையின் ஒவ்வொரு சரிவையும் மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியாது என்பதால் யாரும் பார்க்கவில்லை.

நிசார் என்ன மாற்றும்?

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நாசா – இஸ்ரோ கூட்டு சாட்டிலைட் 'நிசார்' இந்த இடைவெளியைக் குறிவைக்கிறது. பூமியின் கிட்டத்தட்ட எல்லா நிலப்பரப்பையும் 12 நாளில் இரண்டு முறை, மேலேறும் பாதையிலும் கீழிறங்கும் பாதையிலும், படமெடுப்பது திட்டம். இரண்டு கோணங்கள் கிடைப்பதால் இறக்கமா, நகர்வா என்ற குழப்பம் ஓரளவு தீரும். வடக்கு – தெற்கு நகர்வு மட்டும் அப்போதும் சரியாகத் தெரியாது. அதன் நீளமான 24 செ.மீ. அலை செடிகொடிகளை ஊடுருவும் என்பதால், சென்டினல்-1 தடுமாறும் காட்டுச் சரிவுகளிலும் வேலை செய்யும்.

முக்கியமான விஷயம், பொருத்தும் வேலையை ஒவ்வொரு ஆய்வாளரும் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. படங்களைப் பொருத்திக் கழித்த வரைபடமும், ஒவ்வொரு இடமும் பிக்சலில் எத்தனை பங்கு நகர்ந்தது என்ற தனிக் கோப்பும் நாசா வெளியிடும் தரவுப் பட்டியலிலேயே இருக்கின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஜோஷிமத்தின் அடுத்த 12 நாட்களை டேராடூனில் இருக்கும் ஒரு மாணவரும் கணக்குப் போடலாம், மாவட்ட நிர்வாகமும் போடலாம். நிர்வாகத்தில் அதைப் போட ஆள் நியமித்திருக்கிறார்களா என்பது இனிமேல் கேட்க வேண்டிய கேள்வி.