பர்லி பள்ளி ஆசிரியர்கள் காட்டிய வழி

லண்டன் மாநகரின் தெற்கே, பர்லி என்ற இடத்தில் ஜான் ஃபிஷர் பள்ளி இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கான கத்தோலிக்கப் பள்ளி. அதிகாரம் திருச்சபையின் கையில். பணமோ பெரும்பாலும் சர்க்கார் பணம், அதாவது உழைத்து வரி கட்டும் மக்களின் பணம்.

2022 மார்ச் மாதத்தில் சைமன் ஜேம்ஸ் கிரீன் என்ற எழுத்தாளர் அங்கே வந்து மாணவர்களிடம் பேச ஏற்பாடாகி இருந்தது. இளம் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவர் அவர். ஆணாகப் பிறந்து ஆணையே நேசிக்கும் தன்பால் ஈர்ப்பாளர். அவர் கதைகளில் வரும் பையன்களிலும் அத்தகையவர்கள் உண்டு. அவர் வருவது கத்தோலிக்கப் பள்ளிக்கு ஒவ்வாது என்று சதர்க் உயர் மறைமாவட்டம் கூறிற்று. வருகை நின்றது. 'அவர் வரட்டும்' என்று நின்ற நிர்வாகக் குழுவினர் நீக்கப்பட்டனர்.

ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? தேசியக் கல்விச் சங்கத்தில் இருந்த அவர்கள் ஓட்டெடுத்து, ஏப்ரல் இறுதியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள உயர்வுக்காக அல்ல. வகுப்பில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பையனுக்காக!

எந்தப் பள்ளியிலும் அப்படி ஒரு பையன் இருப்பான். அவன் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஆனாலும் கேலிக்குப் பயந்து, அடிக்குப் பயந்து, வீட்டுக்கும் பயந்து மறைந்து வாழ்கிறான். அவனைப் போன்ற ஒருவர் பள்ளி வாசலிலேயே தடுக்கப்பட்டால் அவன் என்ன நினைப்பான்? 'நான் இருப்பதே தப்பு' என்றுதானே!

திருச்சபை தன் நூலையே புரட்டிப் பார்க்கட்டும். தன்பால் உறவைப் பாவம் என்று சொல்லும் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல்கூட, அத்தகைய மனிதர்களை மரியாதையோடு ஏற்க வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. இங்கிலாந்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க, 2017இல் திருச்சபையின் கல்வி அமைப்பே வழிகாட்டி வெளியிட்டது. நாட்டின் 2010 சமத்துவச் சட்டமும், எந்தப் பள்ளியும் இதற்காக ஒரு மாணவனை ஒதுக்கக் கூடாது என்கிறது. ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. ஏட்டில் எழுதிய மரியாதையை வகுப்பறையில் காட்டு என்றுதான் கேட்கிறோம்.

'கூலிக்கும் நிலத்துக்கும் போராடும் நமக்கு இதில் என்ன?' என்று சில தோழர்கள் கேட்கலாம். சரித்திரம் பதில் சொல்கிறது.

1984-85இல் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு காலம் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாட்சர் சர்க்கார் அவர்களைப் பட்டினி போட்டுப் பணிய வைக்க முயன்றது. அப்போது லண்டன் தெருக்களில் வாளி ஏந்தி நிதி திரட்டி, வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு அனுப்பியவர்கள் யார்? ஊர் ஏளனம் செய்த இந்தத் தன்பால் ஈர்ப்பாளர்களே! 1985இல் லண்டனில் நடந்த அவர்களுடைய ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கப் பதாகையோடு அணிவகுத்தார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் அவர்களின் உரிமைத் தீர்மானத்துக்கும் சுரங்கச் சங்கத்தின் ஓட்டு விழுந்தது. சங்கத்தை நொறுக்கிய அதே சர்க்கார்தான் 1988இல் 28ஆம் பிரிவைக் கொண்டுவந்து, இதைப் பற்றிப் பேசவே ஆசிரியர்களை அஞ்ச வைத்தது. 2003இல்தான் அந்தப் பிரிவு இங்கிலாந்தில் ஒழிந்தது.

நம் தலையில் 377ஆம் பிரிவைக் கட்டியதும் அந்த ஏகாதிபத்தியமே. 1860இல் எழுதிய அந்தச் சட்டத்திலிருந்து, மனமொத்த வயதுவந்தோர் உறவை நம் உச்ச நீதிமன்றம் விடுவிக்க 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் இயக்கமும் குற்றமற்றதல்ல. சோவியத் நாடே 1934இல் இதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அது தவறு என்று தயங்காமல் சொல்கிறோம். மில் வாசலிலும் களத்துமேட்டிலும் நடை, பேச்சு மென்மையான ஒரு பையனைக் கண்டால் கேலி பேசுகிறவர்களில் நம் தோழர்களும் இருக்கிறார்கள். சாதி சொல்லி நம்மை இழிவுபடுத்தியவனுக்கும் இந்தக் கேலிக்கும் என்ன வித்தியாசம்?

மதப் பள்ளியோ சர்க்கார் பள்ளியோ, தலைநிமிர்ந்து படிப்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை. பர்லி ஆசிரியர்களை வாழ்த்துகிறோம். கேலியை நாம் முதலில் நிறுத்துவோம். நம் வீட்டுப் பையன் ஒருநாள் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னால், அவன் மேல் கை ஓங்காமல், அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்போம்.