வகுப்பு தோட்டத்தில் தொடங்கட்டும்

விடுமுறையில் பாலித் தீவுக்குச் சென்றால் அங்கே சாக்லெட் செய்யும் வகுப்பில் சேரலாம். பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: வகுப்பு எங்கிருந்து தொடங்குகிறது?

உருக்கிய சாக்லெட்டை அச்சில் ஊற்றிப் படமெடுப்பதோடு முடிந்தால், அது பொழுதுபோக்கு மட்டுமே. கொக்கோ விதையைச் சில நாள் புளிக்கவைத்து உலர்த்துவதில்தான் சாக்லெட்டின் மணம் உருவாகத் தொடங்குகிறது. அந்த வேலை தோட்டத்தில், விவசாயியின் கையில் நடக்கிறது.

அந்த உழைப்புக்கு உரிய பங்கு கிடைக்கிறதா? உலகக் கொக்கோவில் பாதிக்குமேல் விளைவிக்கும் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் கொள்முதல் விலையை அரசே முன்கூட்டி நிர்ணயிக்கிறது. 2024இல் உலகச் சந்தையில் ஒரு டன் 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோதும், அந்த ஏற்றம் முழுவதும் விவசாயியைச் சேரவில்லை.

ஆகவே, தோட்டத்தில் தொடங்கும் வகுப்பையே தேர்ந்தெடுப்போம். நாம் கட்டும் பணத்தில் ஒரு பங்காவது விளைவிப்பவருக்குப் போகட்டும்.