காய்ச்சினாலும் போகாதது

பெசன்ட் நகரில் பால் வாங்குவது இப்போது கொள்கை முடிவாகிவிட்டது. நீலப் பாக்கெட்டா, பச்சைப் பாக்கெட்டா என்பதோடு முடிந்த விஷயம் இது. இன்று நாட்டு மாட்டுப் பாலா, ஏ2வா, கண்ணாடி பாட்டிலில் வரும் பண்ணைப் பாலா என்று கிளை பிரிந்து, பதப்படுத்தியதா பதப்படுத்தாததா என்ற பெரிய கேள்வியில் வந்து நிற்கிறது. எலியட்ஸ் கடற்கரையில் காலை நடை போகிறவர்களின் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை அளவு, முழங்கால் வலி, அதற்கு அடுத்தபடியாக அடிபடுவது பால்தான்.

"பாக்கெட்ல வர்றது செத்த பால் சார். சூடு பண்ணி, கொழுப்பைப் பிரிச்சு, பவுடரைக் கலந்து, வெள்ளையா ஒண்ணைக் குடுக்கறான்" என்றார் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர். அவர் வீட்டுக்குச் செங்கல்பட்டுப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து தினமும் பாட்டில் வருகிறது. பதப்படுத்தாத பால், கறந்தது கறந்தபடி.

"அப்படியேவா குடிக்கிறீங்க?"

"சேச்சே. காய்ச்சாம ஆத்துல விடுவாளா? நன்னா பொங்க விட்டுத்தான்."

பெசன்ட் நகர்ப் பால் விவாதத்தின் பாதி இந்தப் பதிலிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆவின் போன்ற ஆலைகளில் பாலைப் பதப்படுத்துவது என்றால் 72 டிகிரி வெப்பத்தில் 15 விநாடி வைத்து, உடனே 4 டிகிரிக்குக் குளிர்விப்பது. பழைய முறையில் 63 டிகிரியில் 30 நிமிடம். நண்பரின் வீட்டு அடுப்பில் பால் நூறு டிகிரியை ஒட்டிப் பொங்கி எழுகிறது. சூட்டில் பால் சாகும் என்றால், பாக்கெட் பாலை விட அவர் பால்தான் நன்றாகச் செத்த பால்.

அமெரிக்காவில் நடக்கும் சண்டை வேறு. அங்கே பச்சைப் பால் கட்சியினர் மடியிலிருந்து கறந்ததை அடுப்பே காட்டாமல் குடிக்கும் உரிமை கேட்கிறார்கள். மாநிலம் விட்டு மாநிலம் அப்படி விற்பதற்கு அங்கே 1987 முதல் தடை. ஸ்காட்லாந்து 1983-லேயே விற்பனையை நிறுத்திவிட்டது. 2024-ல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவி, நோய் கண்ட மாட்டின் பாலிலேயே வைரஸ் இருந்தபோது விவாதம் சூடு பிடித்தது. பதப்படுத்தினால் அந்த வைரஸ் செயலிழந்துவிடும், பச்சையாகக் குடித்தால் ஆபத்து என்று அதிகாரிகள் சொன்னார்கள். பச்சைப் பாலுக்காக வெளிப்படையாகப் பேசிவந்த ராபர்ட் கென்னடி ஜூனியரோ அடுத்த ஆண்டு அந்த நாட்டின் சுகாதார அமைச்சராகவே ஆனார். அந்த ஊர்ச் சண்டையின் வசனங்கள் கைப்பேசி வழியாக நம் தெருவுக்கு வந்துவிட்டன. நம் அடுப்பு மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் எரிந்துகொண்டிருக்கிறது.

பச்சைப் பால்காரர்கள் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாட்டுப்புறங்களில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. பண்ணையின் பச்சைப் பாலைக் குடித்து வளர்ந்த குழந்தைகளிடம் ஆஸ்துமா குறைவாக இருந்தது. அதே பண்ணைப் பாலைக் காய்ச்சிக் குடித்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. ஆனால் ஆய்வு செய்தவர்களே, பச்சைப் பாலில் நோய்க்கிருமி இருக்க வாய்ப்புண்டு, ஆகவே அதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று எழுதினார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பச்சைப் பால் ஒத்துக்கொள்ளும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஸ்டான்ஃபோர்டில் 16 பேரை வைத்து நடத்திய சிறிய சோதனை 2014-ல் வந்தது. இரண்டு பாலுக்கும் வயிறு ஒரே மாதிரிதான் முரண்டு பிடித்தது. நொதி செத்துவிடுகிறது என்பார்கள். நொதியும் ஒரு புரதம்தான். குடித்தால் நம் வயிற்று அமிலத்தில் செரிந்துபோகிறது. சூட்டில் பி வகை வைட்டமின் கொஞ்சம் குறையும், சி குறையும். கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கும். பாலை நம்பி யாரும் வைட்டமின் சி சாப்பிடுவதில்லை.

எதிர்ப்பக்கத் தட்டில் இருப்பவை காசநோய், புருசெல்லோசிஸ், சால்மோனெல்லா, லிஸ்டீரியா. பாஸ்டர் 1860களில் சூடு காட்டியது திராட்சை மதுவுக்கு. அந்த முறை பாலுக்கு வந்தது பிறகு, நகரங்கள் பெருத்து, பால் வெகு தூரத்திலிருந்து வரத் தொடங்கியபோது. சிகாகோ நகரம் 1908-ல் சட்டமே போட்டது. புருசெல்லோசிஸ் நமக்கும் அந்நியம் இல்லை. மாட்டில் கன்று வீச்சையும் மனிதரில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் உண்டாக்கும் நோய் அது. பெண் கன்றுகள் அனைத்துக்கும் அதற்கான தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019-ல்தான் தொடங்கியது.

"அந்தக் காலத்துப் பால்" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மாட்டை வாசலுக்கே ஓட்டி வந்து கண்ணெதிரே கறந்து கொடுத்தார்கள் என்பது உண்மைதான். பால்காரர் மேல் இருந்த சந்தேகமே அதற்குக் காரணம். "பாத்திரத்தைக் கவுத்துக் காட்டுப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கறக்கவே விடுவார்கள். கன்று செத்துப்போன மாடென்றால், கன்றின் தோலில் வைக்கோல் அடைத்த பொம்மையைப் பக்கத்தில் நிறுத்திப் பசுவை ஏமாற்றிக் கறப்பார்கள். பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பாலைச் சுரக்க வைக்கும் 'பூக்கா' என்ற கொடுமையும் நாட்டில் இருந்தது. காந்தி பசும்பாலையும் எருமைப் பாலையும் விலக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னாளில் நோயில் படுத்தபோதும் ஆட்டுப்பாலுக்கு மட்டுமே இசைந்தார். 1960-ன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்திலும் பூக்கா குற்றம். அந்தச் சட்டத்துக்கு வழிவகுத்த மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தவர், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கலாக்ஷேத்ராவை வளர்த்த ருக்மிணி தேவி.

வாசலில் கறந்த பாலுக்குப் பிறகு வருகிறது பாக்கெட் பாலின் கதை. 1958-ல் மாநிலத்தில் பால்வளத் துறை தனியாக அமைந்தது. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் முதல் கட்டத்தில் டெல்லி, பம்பாய், கல்கத்தாவோடு சென்னையும் இருந்தது. 1981-ல் கூட்டுறவு இணையம் பதிவாகி, அதன் ஆவின் வீட்டுப் பெயராயிற்று. பவுடர் கலக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டின் வேரும் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. கொழுப்பு மிகுந்த எருமைப் பாலில் தண்ணீரும் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் சேர்த்து, அதிகம் பேருக்கு மலிவாகக் கிடைக்கும்படி 1940களில் பம்பாயில் செய்து காட்டியவர் டி.என். குரோடி. அதன் வாரிசுதான் நம் நீலப் பாக்கெட், சமன்படுத்திய பால், கொழுப்பு 3 சதவீதம். பச்சையில் 4.5. ஆரஞ்சில் 6. எல்லாமே பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கிறது. ஒளித்துச் செய்தால்தானே கலப்படம்?

ஆகக் கிருமி விஷயத்தில் பாட்டிலும் பாக்கெட்டும் நம் அடுப்பில் சமமாகிவிடுகின்றன. நான் கவலைப்படுவது அடுப்புக்கு அடங்காத சமாச்சாரங்களைப் பற்றி.

முதலாவது, நேரம். கறந்த பால் நம் ஊர் வெயிலில் குளிரூட்டாமல் கிடந்தால் அதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி பெருகும். காய்ச்சினால் கிருமி சாகும், அது ஏற்கெனவே கக்கிவைத்த நஞ்சு சாகாது. குடித்த சில மணி நேரத்தில் வாந்தி. விடியற்காலை கறந்து, வண்டியேறி, கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலைத் தாண்டி எட்டரை மணிக்கு வருகிற பாட்டில், வழியெல்லாம் எத்தனை டிகிரியில் இருந்தது என்பது நியாயமான கேள்வி. ஐந்து மணிக்கே கேட்டில் தொங்கும் பையில் போட்டுவிட்டுப் போன பாக்கெட்டை ஏழரைக்கு எழுந்து எடுப்பவர்களும் இதே கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது, மருந்து. மடிநோய் வந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், குறிப்பிட்ட நாட்களுக்கு அந்தப் பாலை விற்கக் கூடாது. பாலைக் கீழே ஊற்ற யாருக்குத்தான் மனசு வரும்?

மூன்றாவதுதான் பெரியது. தீவனத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தபோது, அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் கண்டுபிடித்த நஞ்சு இது. ஈரலைத் தாக்கும், புற்றுநோய் வரவழைக்கும். மாடு இன்று தின்றால் ஒரு நாளைக்குள் அதன் மாற்று வடிவமான எம்1 பாலில் இறங்கிவிடும். ஆலைச் சூட்டுக்கும் போகாது, அடுப்புச் சூட்டுக்கும் போகாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, மறு ஆண்டு முடிவை வெளியிட்டது. கலப்படத்தால் பாதுகாப்பற்றவை என்று தெரிந்தவை 12. ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பை மீறியவை 77. அஃப்ளடாக்சின் எம்1 வரம்பை மீறியவை 368. அந்தப் பட்டியலில் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. பச்சைப் பாலை விடப் பதப்படுத்திய பாலில்தான் இந்தப் பிரச்சினை கூடுதல் என்றும் ஆணையம் சொன்னது.

பாட்டில் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டாம். வண்ணாந்துறைப் பக்கம் இரண்டு மாடு வைத்திருப்பவர் ஒருவரிடம் அண்மையில் பேசிக்கொண்டிருந்தேன். கொட்டகை மூலையில் புண்ணாக்கு மூட்டை. மழைத் தண்ணீர் ஏறி, சாக்கின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். உள்ளே சாம்பல் பச்சையாகப் பொடி பூத்திருந்தது.

"இதை என்னண்ணே பண்ணுவீங்க?"

"வெயில்ல காய வெச்சி, தவுட்டோட கலந்து போட்டுடுவேன். மாடு துன்னுடும் சார்."

"பாலைப் பச்சையா குடிக்கலாமா?"

"இன்னா சார் நீங்க. எம் புள்ளைக்கே காய்ச்சாம குட்க்க மாட்டேன்."

குழந்தைக்குக் கிருமி போகக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சாம்பல் பச்சைப் பொடியைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை. தவறு அவருடையது என்று எனக்குத் தோன்றவில்லை. மூட்டை விலை ஏறும்போது பூஞ்சை பிடித்ததைக் கொட்டச் சொல்வது எளிது. கொட்டினால் அன்றைய தீவனத்துக்கு எங்கே போவார்? சிறு மாட்டுக்காரருக்கும் பெரிய பண்ணைக்கும் இது பொது. ஆலையில் ஆயிரக்கணக்கானவர்களின் பால் ஒன்றாகக் கலப்பதால் கெட்டது நீர்த்துப் போகலாம், நல்லதும் கெட்டுப் போகலாம். ஒரே பண்ணைப் பால் என்றால் அந்தப் பண்ணையின் தீவனக் கிடங்குதான் உங்கள் தலையெழுத்து.

நாம் பயந்ததெல்லாம் வேறு எதற்கோ. 2017-ல் அன்றைய பால்வளத் துறை அமைச்சர் ராஜேந்திர பாலாஜி, தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள் என்று சொன்னதும் வீட்டுக்கு வீடு அதே பேச்சு. ஆதாரமில்லாமல் அப்படிப் பேசக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகும் அந்தப் பயம் தங்கிவிட்டது. பாலின் புரத வகையைச் சொல்லும் ஏ1, ஏ2 விவகாரமும் அப்படித்தான். பாக்கெட்டில் அப்படிப் போடுவது தவறாக வழிநடத்துகிறது, எடுத்துவிடுங்கள் என்று 2024 ஆகஸ்டில் உத்தரவிட்ட அதே ஆணையம், ஒரு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றது. 551-ல் 88 என்ற கணக்கு மட்டும் எந்தக் காலை நடையிலும் என் காதில் விழவில்லை.

வீட்டில் செய்யக் கூடியது கொஞ்சம்தான். பால் வந்ததும் எடுத்து ஒரு முறை பொங்கக் காய்ச்சி, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். காபிக்கு ஒரு முறை, குழந்தைக்கு ஒரு முறை என்று முழுப் பாத்திரத்தையும் மறுபடி மறுபடி சுண்டக் காய்ச்ச வேண்டாம். வேண்டியதை மட்டும் தனியே எடுத்துச் சூடு பண்ணினால் போதும்.

மற்றதெல்லாம் விற்பவரிடம் கேட்க வேண்டியது. கறந்து எத்தனை நேரத்தில் குளிரூட்டினீர்கள்? ஊசி போட்ட மாட்டின் பாலை என்ன செய்கிறீர்கள்? புண்ணாக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சடிக்கிற ஆவினுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும், அஃப்ளடாக்சின் சோதனையின் மாத முடிவை மாவட்ட வாரியாக வெளியிடுவது பெரிய காரியம் இல்லை. அரசு ஒரு படி மேலே போய், பூஞ்சை பிடித்த மூட்டையைத் திருப்பிக் கொடுத்து நல்ல மூட்டை வாங்க மாட்டுக்காரருக்கு வழி செய்தால், அந்த 88 தானாக இறங்கும். பாட்டில் பாலுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறவர்களுக்கு இன்னும் வசதி. பண்ணை முதலாளியின் எண்ணே கைப்பேசியில் இருக்கும். சோதனைச் சீட்டைக் கேளுங்கள். அனுப்பினால் தாராளமாகத் தொடருங்கள். பசுவின் பெயரையும் பண்ணையின் படத்தையும் அனுப்பிவைத்தால், மறுநாள் முதல் ஆவின் பூத்துக்கே போய்விடலாம். காசாவது மிஞ்சும்.