சொதியும் சொந்த ஊர்ப் பெருமையும்

ஊரைவிட்டு வந்தவர்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதும் கட்டுரைகள் சிற்றிதழ்களிலும் இணையத்திலும் பெருகிவிட்டன. அவற்றுள் திருநெல்வேலிச் சொதிக்குத் தனி இடம் உண்டு. அடையாற்றிலோ தியாகராய நகரிலோ ஓர் உணவகத்தில் பல்லாண்டுகளுக்குப் பின் சொதியைக் கண்டதும் கட்டுரையாளருக்குக் கண் கலங்கிவிடுகிறது. ‘தொன்மரபு’, ‘மண்ணின் மணம்’, ‘அம்மாவின் கைப்பக்குவம்’ என மூன்று தொடர்களில் கட்டுரையும் முடிந்துவிடுகிறது. நெல்லையிலிருந்து வந்து மயிலாப்பூரில் குடியேறிய நாமும் சொதிப் பிரியர்களே. ஆயினும் இம்மூன்றையும் மறுக்கிறோம்.

முதலில் தொன்மை. சொதியில் கிடக்கும் உருளைக்கிழங்கும் அதற்குக் காரம் தரும் பச்சை மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் கால்வைத்த பிறகே அவை இங்கு வந்தன. காரட்டுக்கும் பீன்ஸுக்கும் ‘இங்கிலீஷ் காய்’ என்ற பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. இவற்றைப் போட்டுக் காய்ச்சிய குழம்பைச் சங்க காலத்துக்குக் கொண்டுபோவது எந்த வகை ஆராய்ச்சி?

அடுத்து மண். எந்த மண்? யாழ்ப்பாணத்தில் சொதி இடியாப்பத்துக்கு அன்றாடத் துணை. நெல்லையிலோ சைவ வேளாளர் வீட்டுக் கல்யாணத்தின் மறுவீட்டுப் பந்தியில் இடம்பெற்று ‘மாப்பிள்ளைச் சொதி’ எனப் பெயர் பெற்றது. ஒரு சாதியாரின் விருந்தை ஒரு மாவட்டத்தின் உணவாக்கும்போது, பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் உண்டு வளர்ந்தவர்கள் அந்த ஊரிலிருந்தே நீக்கப்படுகிறார்கள். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து ரங்கநாதன் தெருத் துணிக்கடைக்கு வேலைக்கு வரும் இளைஞர்களை 2010-இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ காட்டியது. அவர்களுக்கும் ஊர் நினைவும் நாக்கும் உண்டு. அவர்கள் ஏங்கும் சோற்றைப் பற்றி நம் இதழ்களில் எத்தனை கட்டுரைகள் வந்திருக்கின்றன?

கடைசியாகக் கைப்பக்குவம். தேங்காயைத் துருவி, அரைத்து, மூன்று முறை பால் பிழிய வேண்டும். மூன்றாம் பாலில் காய்கள் வேக வேண்டும். வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் அதன்பின். முதற்பால் விட்டபின் கொதித்தால் திரிந்துவிடும். நுரை கூடும்போதே இறக்கி, சூடு தணிந்ததும் எலுமிச்சை பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வேறு. ஆட்டுக்கல் காலத்தில் இவ்வளவும் பெண்களின் தோளும் இடுப்பும் நோகச் செய்த வேலை. அதைக் ‘கைப்பக்குவம்’ என்று சொல்லிவிட்டால் உழைப்பு மறைந்து வரம் போலாகிவிடுகிறது. இக்கட்டுரைகளை எழுதுவோரில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

சொதியை உண்ண வேண்டாம் என்றோ, அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றோ நாம் சொல்லவில்லை. யார் பந்தியில் அது பரிமாறப்பட்டது, அந்தப் பந்தியில் யாருக்கு இலை போடப்படவில்லை, பால் பிழிந்தவள் எப்போது சாப்பிட்டாள் என்பவற்றையும் எழுதுங்கள் என்கிறோம். அப்படி ஒரு கட்டுரை வருமானால் அதன் முதல் வாசகராக நாம் இருப்போம்.