ஆண்டையின் மடலும் அடிமையின் வாய்ச்சொல்லும்

எழுதுகோலைக் கைப்பற்றியவன் எழுதியதே வரலாறு என்னும் நிலை நெடுங்காலம் இருந்தது. அடிமைகளைப் பொறுத்தவரை அஃது இருமடங்கு கொடிதாயிற்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அவர்தம் எழுத்தறிவைச் சட்டமே தடுத்தது. தென் கரோலினாவில் 1740-லேயே அடிமைக்கு எழுதக் கற்பித்தல் குற்றமாக்கப்பட்டது. 1860-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் ஏறத்தாழ 40 இலக்கம் அடிமைகள் எண்ணப்பெற்றனர். ஆயினும், ஆண்டையின் பெயர்க்கீழ் அவர்தம் அகவையும் பாலும் நிறமுமே பொதுவாகக் குறிக்கப்பெற்றன, பெயர் இல்லை.

ஆகவே, அம்மக்களின் வாழ்வை ஆராயப் புகுவோர் ஆண்டைமார் எழுதிய மடல்களை நாட வேண்டியவராகின்றனர். ஒடுக்கியவன் எழுத்தில் ஒடுக்கப்பட்டவன் வாழ்வு எங்ஙனம் கிடைக்கும் என வினவுவார் உளர். கிடைக்கும். ஆனால், அம்மடலைத் தீர்ப்பாகக் கொள்ளாது, எதிரணிச் சான்றாளன் கூற்றாகக் கொண்டு குறுக்கு வினவுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டு ஒன்று காண்க. அமெரிக்காவின் முதற் குடியரசுத்தலைவர் சார்ச்சு வாசிங்டன் வீட்டில், அவர் மனைவிக்கு ஏவற்பெண்ணாய் இருந்தவர் ஓனா சட்சு. தலைவியின் பெயர்த்திக்குத் தாம் கொடுக்கப்படவிருப்பதை அறிந்த ஓனா, 1796 மே 21-இல் வீட்டார் உணவருந்தும் பொழுதில் பிலடெல்பியா இல்லத்தினின்று வெளியேறினார். கப்பலேறி, நியூ ஆம்ப்சயர் மாநிலத்துப் போர்ட்சுமத்துத் துறைநகரை அடைந்தார். பிடித்துத் தருவார்க்குப் பரிசு 10 தாலர் எனச் செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. ஓடுதற்கு அவளுக்குக் கரணியமே இல்லை என்றும் அது கூறிற்று. செபுதம்பரில் கருவூலச் செயலருக்கு வாசிங்டன் எழுதிய மடலில், பிள்ளைபோல் வளர்க்கப்பெற்றவள் நன்றி மறந்தாள் என்று குறைகூறினார். எவனோ ஒருவன் மயக்கி அழைத்துச் சென்றான் எனவும் எழுதினார்.

இம்மடல் ஒன்றே எஞ்சியிருப்பின், நன்றிகெட்ட பேதையென்றே ஓனா வரலாற்றில் நின்றிருப்பார். ஆயினும், அச்சொற்களையே தட்டிப் பார்க்கலாம். பிள்ளைபோல் வளர்ந்தவரைப் பிறருக்குக் கொடுப்பது எங்ஙனம்? உழைப்பிற்குக் கூலி கொடாதவர் எந்த நன்றியை எதிர்பார்த்தார்? அவர் நன்றி என்றது அடங்கிக் கிடத்தலையே.

இது வெறும் புனைவன்று. போர்ட்சுமத்துச் சுங்க அலுவலர் சோசப்பு விப்பிள், ஓனாவை நேரில் உசாவி எழுதிய விடைமடல் உள்ளது. எவரும் மயக்கவில்லை, முழு விடுதலை வேட்கையே அவரைச் செலுத்திற்று என்கின்றது அது. பிறருக்கு விற்கப்படுவதினும் கொடுக்கப்படுவதினும் சாவே மேல் என்றார் ஓனா; ஆண்டையும் மனைவியும் இறந்தபின் விடுதலை உறுதியெனில் மீள்வதாகவும் கூறினார். வாசிங்டன் இணங்கவில்லை, 1799-இலும் உறவினர் ஒருவர் வழியாக மீட்க முயன்றார். 1845-இல், கணவனையும் மக்களையும் இழந்த மூதாட்டியாய், வறுமையிலும் தம் முடிவிற்கு வருந்தவில்லை என்று இதழொன்றுக்கு ஓனாவே உரைத்தார். 1848-இல் மறைந்தார், சட்டத்தின் கண்ணில் இறுதிவரை ஓடிய அடிமையே!

தம் வாயால் உரைக்க ஓனாவுக்கு வாய்த்தது பல இலக்கம் மக்களுக்கு வாய்க்கவில்லை. அவர்தம் வாழ்வு ஆண்டைமார் மடல்களில், பயிர்க்கணக்கிற்கும் விலைக்கணக்கிற்கும் இடையே ஓரிரு வரிகளாய்ச் சிதறிக் கிடக்கின்றது. அவ்வரிகளைத் திரட்டுதல் கடனே. ஆயின், ஆண்டையின் சொல்லை ஆராயாது எடுத்தாள்வோர் இறந்தவர்க்கு மீண்டும் விலங்கிடுவோராவர். 'நன்றி மறந்தாள்' என்னும் வரியில் 'விடுதலை வேண்டினாள்' என்பதைப் படிக்கத் தெரிந்தவர்க்கே அம்மடல்கள் உண்மை உரைக்கும்.