தையலிலே தவறு நேர்ந்தால்

பலநிறத் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையைப் பற்றி அமெரிக்காவிலே ஒரு கதை வழங்குகின்றது. குறைவற்ற படைப்பு இறைவனுக்கே உரியது. ஆதலால் முற்காலத்துப் பெண்டிர் ஒரு துண்டை வேண்டுமென்றே மாற்றி வைத்துத் தைத்தனர் என்பதே அக்கதை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆயினும் பழம் போர்வைகளை ஆராய்ந்தோர் இதற்குத் தக்க சான்று கண்டிலர். ஆயிரக்கணக்கில் தையலிடும் கை பிழையை வலிந்து தேடவேண்டுமா என்ன? அது அழையாமலே வந்து சேரும்.

வந்தபின் செய்யத்தக்கது யாது? பாதி தைத்ததை மனமுடைந்து பெட்டிக்குள் இட்டு மூடுவோர் பலர். துணியும் பல மாதத்து உழைப்பும் ஒருங்கே வீணாகின்றன. அப்பிழை போர்வையின் உறுதியைக் கெடுக்கின்றதா, கண்ணை மட்டும் உறுத்துகின்றதா என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.

உறுதியைக் கெடுப்பதைத் தயங்காது பிரித்துவிடுக. துண்டுகளை இணைக்கையில் ஓரத்திற் கால் அங்குலம் விடுவது வழக்கம். அது மிகக் குறைந்தாற் சில சலவைகளிலே இணைப்பு விட்டுப்போம். மிகுந்தாலோ வேறு தொல்லை. மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்: எட்டுத் துண்டு கொண்ட வரிசையில் இணைப்புகள் ஏழு. ஒவ்வோர் இணைப்பிலும் இருபுறத்தும் பதினாறில் ஒரு பங்காகிய வீசம் அங்குலம் மிகையாகப் பிடித்தால், வரிசை முக்காலே அரைக்கால் அங்குலம் குறுகிவிடும்! அடுத்த வரிசையோடு அது பொருந்துவது எங்ஙனம்? ஆகவே ஒவ்வொரு கட்டமும் முடிந்தவுடன் அளந்து பார்த்தல் நன்று. இயந்திரத் தையலைப் பிரிக்கும்போது துணியைப் பிடித்திழுத்தல் ஆகாது. ஒருபுறத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒருமுறை நூலை அறுத்துவிட்டு, மறுபுறத்து நூலை உருவினால் அது எளிதிற் கழன்றுவரும்.

கண்ணை உறுத்தும் பிழையோ வேறு. முனைகள் மயிரிழை விலகுவதையும், ஒரு தையல் நெடிதாய் ஒன்று குறிதாய் விழுவதையும் தைத்தவளே காண்பாள். மூக்குக்கருகே வைத்தன்றோ தைத்தாள்! சற்றே எட்டி நின்று நோக்கினாற் பல மறையும். பருத்தி முதற் சலவையிலே சுருங்கி மடிப்பு விழும்போது இன்னும் சில மறையும்.

கோணலுக்கு அஞ்சுவோர் அலபாமா மாநிலத்து ஜீஸ் பென்ட் என்னும் சிற்றூரை அறிதல் வேண்டும். வறுமை மிக்க அவ்வூரின் கறுப்பின மாதருக்குப் பழைய வேலையுடுப்புகளே துணி. வீட்டினுட் புகும் குளிரே அவசரம். அவர்தம் கோடுகள் வளையும், கட்டங்கள் சாயும். அவற்றுட் பல அவர்கள் விரும்பி அமைத்தவை. பிழையென்பது நம் எண்ணமே. அப்போர்வைகள் 2002 இல் ஹூஸ்டனிலும் நியூயோர்க்கிலும் கலைக்கூடங்களிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006 இல் அமெரிக்கத் தபால் முத்திரைகளிலும் இடம்பெற்றன. அவ்வூர் மிசோரி பெற்வே என்பவர், கணவர் இறந்தபின், 1942 இல் அவருடைய வேலையுடுப்புகளைக் கிழித்து, மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு போர்வை தைத்தார். காட்சிக்கென்றன்று, தாம் போர்த்துக்கொள்வதற்கே தைத்தார். அதன் பட்டைகள் ஒன்றோடொன்று அளவு ஒவ்வாதவை.