ஞாயிற்றின் படமும் நம் கைத்திருத்தமும்

புதுக்கோட்டை என்றவுடன் சித்தன்னவாசல் ஓவியமும் குடுமியான்மலைக் கல்வெட்டும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும் வானநூல் வரலாற்றிலும் இவ்வூர்க்கு ஓர் இடம் உண்டென்பதை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. 1871-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாட் காலையில் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நிழல், மேலைக்கரையில் பேக்கல் கோட்டைப் பக்கத்தே நிலத்தில் ஏறி, நீலகிரியைக் கடந்து, அவிநாசியையும் புதுக்கோட்டையையும் தழுவிச் சென்று, யாழ்ப்பாணத்தையும் திருக்கோணமலையையும் தொட்டுக் கடலில் இறங்கிற்று. அதனை ஆராய்தற்பொருட்டு உரோமாபுரியினின்றும் லொரென்ஸோ ரெஸ்பிகி என்னும் வானநூற் புலவர் கடல்கடந்து புதுக்கோட்டைக்கு வந்தார். முப்பட்டைக் கண்ணாடி பொருத்திய தொலைநோக்கியால், கிரகண காலத்தில் மாத்திரம் புலப்படும் ஞாயிற்றின் ஒளிமுடியை நிறம் நிறமாகப் பிரித்து நோக்கினார். பேக்கலிலும் உதகையிலும் இருந்த வேறு குழுவினர் அவ்வொளிமுடியை ஒளிப்படத் தட்டுக்களிற் பதித்தனர். அத்தட்டுக்களுக்குப் பின்னர் நேர்ந்ததே யான் ஈண்டு எழுதப்புகும் பொருளுக்குத் தோற்றுவாய் ஆகும்.

அன்று ஞாயிறு முற்றும் மறைந்திருந்தது ஏறத்தாழ இரண்டே நிமிஷம். அதற்குள் எடுத்த தட்டுக்களுள், குறைந்த நேரம் ஒளிபட்டவை ஞாயிற்றை ஒட்டிய பகுதியைத் தெளிவாகக் காட்டின. மிகுந்த நேரம் ஒளிபட்டவை புறத்தே நீண்டோடும் மெல்லிய கதிர்களைக் காட்டின. முழுவதையும் காட்டிய தட்டு ஒன்றேனும் இல்லை. ஆகவே, இலண்டன் ராயல் வானநூற் கழகத்தைச் சார்ந்த வெஸ்லி என்பார், தட்டுக்கள் பலவற்றையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்டு, அவற்றிற் கண்டதை ஒரே சித்திரமாகக் கையால் வரைந்தார். இங்கே ஒரு வினா எழுகின்றது. எந்தத் தட்டிலும் முழுமையாக இல்லாத அவ்வுருவம் ஞாயிற்றின் மெய்யுருவமா, மனிதன் புனைந்த பொய்யுருவமா?

இவ்வினா பழங்கதையன்று. வெஸ்லி அன்று கையாற் செய்ததை இன்று கணிப்பொறி செய்கின்றது. கற்றோர் கழகங்களில் மாத்திரமன்று, சிற்றூர் மாணவன் வீட்டுத் திண்ணையிலும் செய்கின்றது. மூன்றங்குல வாயுள்ள ஒரு சிறு தொலைநோக்கியும், அதன் முகப்பை முற்றும் மூடும் ஒளிவடிகட்டியும், ஒரு காமிராவும் இருந்தால் ஞாயிற்றைப் படமெடுக்கலாம். அவ்வடிகட்டி ஒளியில் இலட்சத்தில் ஒரு பங்கையே உள்ளே விடுவது. அஃதின்றித் தொலைநோக்கி வழியே ஞாயிற்றைப் பார்ப்போன் கண்ணை இழப்பான். கண்வைக்கும் முனையிற் பொருத்தும் சிறு கறுப்புக் கண்ணாடி சூட்டால் வெடிக்கக்கூடுமாதலின் அதனை ஒருபோதும் நம்பலாகாது. இதனை முதலிற் கூறாமல் ஞாயிற்றைப்பற்றி எழுதுதல் பெருந்தவறு.

இனி, படம் உருவாகும் முறையைச் சிறிது கூறுவேன். நமக்கும் ஞாயிற்றுக்கும் இடையே காற்றென்னும் திரை ஓயாது அசைந்துகொண்டிருக்கின்றது. வெயில் ஏறிச் செம்மண் நிலம் காய்ந்தபின் கானல் எழுதலால், ஞாயிற்றின் விளிம்பு கொதிக்கும் நீர்போலத் துள்ளும். ஆகவே தனிப்படம் ஒன்று எடுத்தால் அது பெரும்பாலும் கலங்கியே இருக்கும். அதற்கு மாற்றாக ஒரு நிமிஷத்திற்குள் ஆயிரக்கணக்கான படங்களைத் தொடர்ந்து எடுப்பர். கணிப்பொறி அவற்றுட் காற்று அமைந்த கணங்களில் விழுந்தவற்றைப் பத்திலொரு பங்களவிற் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று பொருந்த அடுக்கிச் சராசரி காணும். நூறு படங்களை இவ்வாறு சேர்த்தால், காமிராவினால் தாறுமாறாக எழும் பொய்ப்புள்ளிகள் பத்திலொரு பங்காகக் குறையும். அதன்பின் மங்கிய விளிம்புகளைக் கூராக்குவர். இறுதியில் விரும்பிய நிறத்தை ஊட்டுவர்.

இதனைக் கேட்ட நண்பர் சிலர், "அங்ஙனமாயின் இவையெல்லாம் புனைந்த படங்களே, இவற்றில் உண்மை யாது?" என்று நகைப்பர். தமிழ் பயிலும் நாம் அவ்வாறு நகைத்தல் தகாது. நம் பாடநூல்கள் நமக்குக் கிடைத்த வரலாற்றை எண்ணிப் பாருங்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887-இற் சீவகசிந்தாமணியையும் 1894-இற் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, அவர்கள் முன்னிருந்தவை குற்றமற்ற மூலங்கள் அல்ல. ஏடு பெயர்த்து எழுதினோர் ஒவ்வொருவரும் தத்தம் பிழையைச் சேர்த்த சுவடிகளே இருந்தன. ஒன்றிற் சிதைந்தது மற்றொன்றில் தெளிவாயிருந்தது. பல சுவடிகளை ஒப்புநோக்கி, ஒத்தவற்றைக் கொண்டு, வேறுபட்டவற்றைப் பாடபேதமெனக் குறித்து, மூலத்தை அவர்கள் மீட்டனர். அச்சிட்ட புறநானூறு எந்த ஒரு சுவடிக்கும் முற்றும் ஒத்ததன்று. அதனால் அதனைப் புனைந்த நூல் என்பார் உளரோ? ஞாயிற்றுப் படத்திலும் நிலைமை இதுவே. காற்று, கவனமற்ற ஓர் ஏடெழுதுவோன். ஒவ்வொரு கணமும் அவன் எழுதித் தரும் படி ஒவ்வொரு வகையிற் பிழைபட்டது. ஆயிரம் படிகளை ஒப்பிடுதல் பொய்யன்று. மெய்யை நாடும் வழியே அது.

ஆயினும் அந்த ஒப்புமையே நமக்கு ஓர் எல்லையையும் வகுக்கின்றது. புறநானூற்றில் 267, 268-ஆம் செய்யுட்கள் கிடைத்தில. வேறு பல செய்யுட்களில் அடிகளும் சீர்களும் சிதைந்தன. பதிப்பாசிரியர் பெரும்புலவர், விரும்பியிருப்பின் அவ்விடங்களைத் தம் சொல்லால் நிரப்பியிருத்தல் கூடும். அவர்களோ புள்ளியிட்டு வெற்றிடமாகவே விட்டனர். அவ்வெற்றிடமே அப்பதிப்பின் மற்றை அடிகளையெல்லாம் நாம் நம்புதற்குக் காரணம். ஒப்பிடுதல் வேறு, இட்டுக்கட்டுதல் வேறு. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே செல்கின்றதென்பதை யான் அறிந்தது என் பிழையாலேயாம்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், 13664 என எண்ணிட்ட ஒரு பெரும் புள்ளிக்கூட்டம் ஞாயிற்றின்மேல் தோன்றிற்று. நம் பூமியைப் பதினைந்து முறை வரிசையாக வைத்தாலொத்த அகலமுடையது அது. அதனின்று எழுந்த புயலால் அம்மாதம் 10-ஆம் நாள் இரவில் லடாக்கின் ஹான்லேயிலும் வானம் சிவந்தது. அவ்விடுமுறையில் யான் புதுக்கோட்டைக்கு அருகேயுள்ள எங்கள் ஊரில், தாய்மாமன் வாங்கித்தந்த சிறு தொலைநோக்கியால் அப்புள்ளிக்கூட்டத்தைப் படமெடுத்தேன். அடுக்கிச் சேர்த்த படம் உள்ளவாறே அமைதியாயிருந்தது. என் ஆசை அடங்கவில்லை. கூராக்கும் கருவியை மேலும் மேலும் முடுக்கினேன். புள்ளியைச் சுற்றிக் கரிய இழைகள் எழுந்தன. அவற்றைச் சூழ ஒரு வெண்கீற்று ஒளிர்ந்தது. செந்தழல் நிறமும் ஊட்டினேன். கண்டோர் எல்லாரும் வியந்தனர். படம் கைபேசிக்குக் கைபேசி பரவிற்று.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உளர். அவர் மாத்திரம் நெடுநேரம் நோக்கியிருந்து, "தம்பி, இந்த வெண்கீற்று ஞாயிற்றில் உள்ளதா, நீ இட்டதா?" என வினவினார். என்னால் விடை கூற முடியவில்லை. ஞாயிற்றின் ஓரத்தருகே புள்ளிகளைச் சூழ வெண்கீற்றுக்கள் மெய்யாகவே தோன்றுவதுண்டு. மிகையாகக் கூராக்கினால் பொய்யாகவும் தோன்றும். என் படத்தில் இரண்டும் கலந்துவிட்டன. அதே நாளில் அமெரிக்கருடைய வான்கலம் எடுத்த படத்தோடு ஒப்பிட்டபோது, என் கரிய இழைகளிற் பல அதில் இல்லை. மீண்டும் முதலிலிருந்து செய்யலாமென்றாலோ, கைபேசியில் இடமில்லையென்று மூலப்படங்களை யான் முன்னரே அழித்திருந்தேன். செய்தவை இன்னவென்று எழுதிவைத்திலேன். அப்புள்ளிக்கூட்டமும் அதற்குள் ஞாயிற்றின் சுழற்சியில் மறுபுறம் சென்றுவிட்டது. பலர் புகழ்ந்த ஒரு படம் என் கையில் இருந்தது. அது எதற்கும் சான்றாகாது என்பதை யான் ஒருவனே அறிந்திருந்தேன்.

ஆகவே, என் கருத்தைச் சுருங்கக் கூறுவேன். படத்தைத் திருத்துதல் குற்றமன்று. திருத்தியதை மறைத்தலும் மூலத்தை அழித்தலுமே குற்றம். நிறம் ஊட்டலாம்; ஊட்டியதெனக் கூறவேண்டும். கூராக்கலாம், எத்துணை அளவென்று எழுதவேண்டும். ஒரு நாட் படத்தையும் மறுநாட் படத்தையும் இணைக்கலாம். ஒரே காட்சிபோல் நிறுத்துதல் ஆகாது. நாம் அறியாததைப் பழுதென்று கொண்டு அழித்தல் எல்லாவற்றினும் கொடிது. ஞாயிற்று வட்டத்தின் ஓரம் நடுவிடத்தினும் மங்கித் தோன்றும். அதனைக் காமிராவின் குறையென்று கருதி வெளுப்பாக்குவோர் உளர். ஞாயிறு திடமான தட்டன்று, ஆவித்திரள் என்பதற்கு அம்மங்கலே சான்று. நடுவிடத்தே நம் பார்வை ஆழ்ந்த சூடான அடுக்குவரை செல்ல, ஓரத்திற் சாய்வாய்ச் சென்று மேலுள்ள குளிர்ந்த அடுக்கிலேயே நின்றுவிடுகின்றது. பொருள் விளங்காத அருஞ்சொல்லைப் பிழையென்று மாற்றிய பழைய ஏட்டெழுத்தாளனுக்கும் இங்ஙனம் வெளுப்பாக்குவோனுக்கும் வேற்றுமை யாது?

"நம் ஆதித்யா-எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஏவப்பெற்று, 2024 ஜனவரி 6-ஆம் நாள் தன் நிலையை எய்திவிட்டது. கோடைக்கானல் வான்நோக்ககமோ ஒரு நூற்றாண்டிற்கு மேலாக ஞாயிற்றைப் படமெடுத்து வருகின்றது. இவற்றின் நடுவே ஒரு மாணவனது படம் நேர்மையாயிருந்தால் என், இல்லாவிட்டால் என்?" என்று வினவுவாரும் உளர். இவ்வினாவிற்குக் கோடைக்கானலே விடை கூறும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும் பஞ்சத்தின்பின், மழையின் மாறுதலுக்கும் ஞாயிற்றின் மாறுதலுக்கும் தொடர்புண்டோ என்னும் கவலை எழுந்தது. அந்நோக்ககம் தோன்றுதற்கு அக்கவலையும் ஒரு காரணம். 1909-இல் எவர்ஷெட் என்பார் அங்கேதான் கதிர்ப்புள்ளிகளிலிருந்து வாயுக்கள் புறநோக்கிப் பாய்தலைக் கண்டறிந்தார். அங்குள்ள பழந்தட்டுக்களை இன்று கணிப்பொறியில் ஏற்றி, அவற்றை எடுத்தோர் கனவிலும் எண்ணாத வினாக்களுக்கு விடை காண்கின்றனர். அத்தட்டுக்களில் அழகைக் கூட்ட எவரேனும் மைதீட்டியிருந்தால் இது இயலுமோ? மேலும், ஜெர்மானிய நாட்டிலே தெஸ்ஸௌ என்னும் ஊரில் மருந்து விற்ற ஷ்வாபே என்பார், 1826 முதல் நாள்தோறும் கதிர்ப்புள்ளிகளை எண்ணிக் குறித்துவந்தமையாற்றான், அவை ஏறத்தாழப் பத்தாண்டிற்கொருமுறை பெருகிக் குறைதல் உலகிற்குப் புலனாயிற்று. அவர் கைக்கொண்ட கருவி சிறியது, கணக்கு மெய்யானது. சிறியோன் செய்வதற்கு மெய்ம்மை ஒன்றே பெறுமதி தருகின்றது.

புதுக்கோட்டைச் சீமைக்கு இத்தொழிலில் ஒரு வாய்ப்பும் உண்டு. நிலம் சூடேறுமளவு நீர் விரைந்து சூடேறாதாதலின், நீர்ப்பரப்பின்மேற் காற்று அமைதியாயிருக்கும். இதுபற்றியே உதயபுரியின் ஞாயிற்று நோக்ககத்தை ஏரி நடுவே ஒரு தீவில் அமைத்தனர். நம் மாவட்டத்திலோ ஊர்தோறும் கண்மாய்கள் உள. மழைக்காலம் கழிந்து கண்மாய் நிறைந்திருக்கும் தை மாசிக் காலைகளில், கரைமேல் நின்று நீர்ப்புறத்தை நோக்கி ஒரு சிறு தொலைநோக்கியை நிறுத்தினால், நண்பகலிற் களத்துமேட்டிற் காண்பதினும் தெளிந்த ஞாயிற்றைக் காணலாம். தொலைநோக்கியின் வழி வரும் பிம்பத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழச்செய்து, வகுப்பு முழுவதும் ஒருங்கே புள்ளிகளை எண்ணலாம். அவ்வாறு செய்யும்போது ஒருவரும் கண்வைக்கும் முனையில் எட்டிப்பாராவண்ணம் ஆசிரியர் அருகிருத்தல் வேண்டும்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாட் காலையில், கங்கண கிரகணத்தின் பாதை இம்மாவட்டத்தின் வழியே சென்றது. அன்று எங்கள் தெருவிற் சிறுவர் பலர் கதவடைத்த வீட்டினுள் வைக்கப்பெற்றோம். ஞாயிறு மோதிரமாய் நின்ற சில நிமிஷங்களை யான் கண்டிலேன்; மறுநாட் பிறர் எடுத்த படத்திற் கண்டேன். அச்சத்தால் காணாதவனுக்குப் பிறனுடைய படமே கண். அந்தப் படம் பொய்யாயிருந்தால் அவன் மெய்யை எங்கே சென்று தேடுவான்?

பொய்ச்சாட்சி கூறலாகாதென்று சிறுவயதிலேயே கற்பிக்கப்பெற்றவர் நாம். வாயாற் கூறுவது மாத்திரமே சாட்சி என்று கொள்ளுதல் குறுகிய கருத்து. எடுத்த படமும் சாட்சியே. இப்போது யான் எடுக்கும் ஒவ்வொரு படத்துடனும் நாள், மணி, வடிகட்டி, சேர்த்த படங்களின் எண், கூராக்கிய அளவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கின்றேன். மூலத்தைத் தனியே காக்கின்றேன். என் படங்கள் முன்போற் பலரால் பகிரப்படுவதில்லை. ஆனால் அப்பெரியவர் மீண்டும் வந்து, "இக்கீற்று உள்ளதா, இட்டதா?" என்று வினவினால், இம்முறை என்பால் விடை உண்டு.